என் மகளும் இடியப்ப மாவும்

பரமட்டாவில் சிவப்பு விளக்குக்குப் பஸ்ஸை நிறுத்தினேன். எனக்கு முன்னால் நின்ற பஸ்ஸின் முதுகில் என் மகள் தாரணி சிரித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் கூடைப்பந்து, மற்றக் கையில் இடியப்ப மாப் பைக்கற். பச்சை விழுந்தது. நான் அசையவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். பதினேழு வருடமாகச் சிட்னியில் பஸ் ஓட்டுகிறேன். பெற்ற பிள்ளையைப் பின்தொடர்ந்து வண்டி ஓட்டியது அன்றுதான் முதல் தடவை.

தாரணி அமெரிக்காவில் ஒரு சின்ன நகரத்துக் கல்லூரியில் படிக்கிறாள். கூடைப்பந்து ஆடுவதற்காகவே கட்டணமில்லாமல் படிக்க அழைத்தார்கள். முன்பெல்லாம் அங்கே கல்லூரி விளையாட்டு வீரர்கள் தங்கள் பெயரையோ முகத்தையோ வைத்து ஒரு சதமும் வாங்கக் கூடாது. இப்போது சட்டம் மாறிவிட்டது. தாரணியின் அறைத்தோழி மடிசன் ஒரு கார்க் கடைக்கு விளம்பரம் செய்தாள். அணியில் இன்னொருத்தி பீட்சாக் கடைக்கு. தாரணிக்கு மட்டும் கதவு பூட்டு. மாணவர் விசாவில் இருப்பவர்கள் அந்த நாட்டில் அப்படிக் காசு உழைக்க முடியாது.

குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கிரெக், "உங்கள் மகளுக்கு எவ்வளவு தருகிறார்கள்?" என்று வேலிக்கு மேலால் கேட்டார். "ஒன்றுமில்லை, விசாப் பிரச்சினை" என்றேன். அவர் மிகவும் கவலைப்பட்டு, "அவளிடம் வேறு பாங்க் கார்ட் இல்லையா, மேட்?" என்றார்.

சென்ற வருடம் ஒருநாள் தாரணி போன் எடுத்தாள். இங்கே ஹரிஸ் பார்க் கடைகளுக்கு இடியப்ப மா போடும் செந்தில் என்பவர் அவளை விளம்பரத்துக்குக் கேட்டிருக்கிறார். விடுமுறைக்கு ஆஸ்திரேலியா வரும்போது இங்கேயே படம் எடுத்தால் விசாவுக்குப் பாதகமில்லை என்று கல்லூரி வக்கீலும் சொல்லிவிட்டாராம். நான் உடனே வேண்டாம் என்றேன்.

அதற்குக் காரணம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் நான் கல்லூரி உதைபந்தாட்ட அணியில் இருந்தவன். ஒரு வெற்றிக்குப் பிறகு சந்திக் கூல்பார்க்காரர் எங்கள் மூன்று பேருக்கு ஐஸ்கிரீம் தந்து, அணிச் சட்டையோடு கடை வாசலில் நிறுத்திப் படம் எடுத்து, கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டார். கல்லூரி அதிபர் கண்டுவிட்டார். "கல்லூரிச் சட்டை கடைக்கு விளம்பரமோ?" என்று முழுப் பள்ளிக்கூடத்துக்கும் முன்னால் கேட்டார். அடுத்த ஆட்டத்தில் நான் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். ஓர் ஐஸ்கிரீமின் கூச்சம் கடல் கடந்தும் என்னோடு வந்தது.

கதையைக் கேட்ட தாரணி சிரிக்கவில்லை. "இட்ஸ் மை ஃபேஸ், அப்பா. காலேஜின்ர முகம் இல்லை. உங்கட படத்தால அந்தக் கடைக்காரர் உழைச்சார். உங்களுக்கு என்ன கிடைச்சது?"

செந்திலின் நம்பரை அனுப்பச் சொன்னேன்.

ஜூன் மாதக் குளிரில் ஹோம்புஷில் ஓர் உள்ளரங்கத்தில் படம் எடுத்தார்கள். செந்தில் மதுரைக்காரர், வாய் ஓயாத மனிதர். கல்லூரிச் சட்டை போடத் தடை என்பதால் தாரணி வெறும் நீலச் சட்டையோடு நின்றாள்.

"சார், சட்டை மொட்டையா இருக்கே. ஆஸ்திரேலியான்னு எழுதிடலாமா?"

"அவள் நாட்டு அணியில இல்லையே" என்றேன்.

"அப்ப யாழ்ப்பாணம்?"

"நான் அங்க ரெண்டு தரம்தான் போனனான், அங்கிள்" என்றாள் தாரணி.

கடைசியில் ஒன்றும் எழுதவில்லை. "இடியாப்பம் சாப்பிட்டுத்தான் ஜெயிக்கிறேன்னு சொல்லும்மா" என்றார் செந்தில். "மட்ச்சுக்கு முன்னால நான் பாஸ்தாதான் சாப்பிடுறனான்" என்று அவள் உண்மையைச் சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டோம். "வீட்டுக்கு வந்தால் இடியப்பம்தான்" என்று மாற்றிச் சொன்னாள். அது பொய்யில்லை.

வீடு திரும்பும் வழியில்தான் மடிசன் வேறு கல்லூரிக்குப் போய்விட்டதைச் சொன்னாள். பெரிய கல்லூரி ஒன்று, பெரிய விளம்பரங்கள்.

"கோவமோ?"

"இல்லை அப்பா. அவளின்ர அம்மா தனிய மூண்டு பிள்ளைகளை வளர்க்கிறா. ஆனா ரூமில அவளின்ர கட்டில் வெறுமையாக் கிடக்கு. இப்ப ஒவ்வொரு வருஷமும் புது டீம். பெயர் பாடமாக்கவே ஒரு மாசம் போகுது."

"உன்னையும் கூப்பிட்டவையோ?"

"ஓம். நான் போகேல்ல. அங்க காசு வாங்க ஏலாதுதானே." பிறகு தானாகவே சொன்னாள், "வாங்க ஏலுமெண்டா என்ன செய்திருப்பன் எண்டு தெரியாது."

ஜனவரியில், இங்கே வெயில் கொளுத்திய ஒரு காலையில், நானும் மனைவியும் கணினியில் அவளுடைய ஆட்டத்தைப் பார்த்தோம். அங்கே முதல் நாள் மாலை, பனி. மடிசனின் புதிய கல்லூரி பழைய அரங்கத்துக்கே ஆட வந்திருந்தது. மடிசன் பந்தைத் தொட்ட போதெல்லாம் கூட்டம் அவளை எதிர்த்துக் கூச்சலிட்டது. எங்கள் பிள்ளைகள் தோற்றார்கள். முடிந்ததும் தாரணி ஓடிப்போய் மடிசனைக் கட்டிப்பிடித்தாள்.

ஆனால் எனக்குள் நிற்பது ஆட்டத்தின் நடுவில் நடந்தது. இடைவேளை விசில் ஊதியதும் மடிசன் வியர்வையைத் துடைத்தபடி தாரணியின் அணி இருந்த பக்கமாக நடந்தாள். இரண்டு வருடம் உட்கார்ந்து பழகிய வாங்கு. மூன்றாவது அடியில் நின்றாள். தன் சட்டையைக் குனிந்து பார்த்தாள். பிறகு திரும்பி, அரங்கத்தின் மறுபக்கம் போனாள்.

கூட்டம் சிரித்தது. என்னால் முடியவில்லை. கடைசியாகக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிய போது, ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே நான் இலங்கையர் வரிசையில் போய் நின்றேன். அதிகாரி மரியாதையாகத்தான் கையைக் காட்டினார். வெளிநாட்டவர் வரிசைக்கு நடந்த அந்தத் தூரத்தில், நானும் இப்படித்தான் குனிந்துகொண்டு போனேன்.