ஏரிக்கரை அரங்கில் எங்கள் சண்டை

திருப்பதியின் விளிம்பில், ஏரிக்கரையை ஒட்டி, புதிய இசையரங்கு எழுந்தபோது ஊரே திரண்டு போய்ப் படம் எடுத்துக்கொண்டது. எனக்கோ அதன்மேல் முதல் நாளிலிருந்தே பகை. வெள்ளைச் செதில்கள் போர்த்தி, வளைந்து, நீரை நோக்கி மூக்கை நீட்டி நிற்கும் கட்டடம். ஏரியின் அழகைச் சொல்லித்தான் அந்த இடத்தை வாங்கினார்கள். கட்டி முடித்தபின், உள்ளிருந்து ஏரியைப் பார்க்க ஒரு சன்னல்கூட வைக்கவில்லை. கரையில் துணி துவைத்தவர்களை அப்புறப்படுத்திப் புல் வளர்த்தார்கள். புல்லை மிதிக்கக் கூடாதென்று பலகையும் நட்டார்கள்.

ஆயினும் போனேன். அன்று மாலை அங்கே வயலின் வாசிக்க இருந்தவள் என் அக்காவின் மகள்.

அக்கா நகரியில் இருக்கிறாள். வீட்டை ஒட்டிய கொட்டகையில் விசைத்தறிகள். நானும் அந்த இரைச்சலில் பிறந்தவள்தான்; படிப்பு என்னைத் திருப்பதிக்கு இழுத்துவந்து ஒரு கல்லூரியில் ஆசிரியையாக அமர்த்திவிட்டது. மணம் செய்துகொள்ளவில்லை. பள்ளி நாள்களிலேயே வயலின்மேல் பித்துக் கொண்ட மகளை, இங்கே நல்ல குரு கிடைப்பார் என்று என் வீட்டில் விட்டாள் அக்கா. படிப்பு முடிந்ததும் திரும்பக் கேட்டாள். நான் விட மறுத்தேன். கச்சேரி முடிந்து அந்தப் பெண் யாரோடு கிளம்புகிறாள் என்று அன்றே பார்த்துவிடுவதெனத் தனித்தனியே முடிவு செய்துகொண்டு வந்திருந்தோம்.

வாசலில் அக்கா கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“இன்னா இது, மொறத்தக் கவுத்து வெச்சா மாரி?”

“கச்சேரி மண்டபம்.”

“உன் வூடு மாரியே கீது. வெளிய பளபளன்னு. உள்ள பூந்தா மூச்சு முட்டும்.”

“அந்த வூட்லதாங்கா உம் பொண்ணு வளந்தா.”

“வளந்தா. பெத்தது யாரு?”

மகள் எங்களுக்கு எடுத்துவைத்திருந்த சீட்டுகள் அரங்கின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தன. அங்கே மேடை நடுவில், பள்ளத்தில் இருக்கிறது. இருக்கைகள் அதைச் சுற்றி மலைச்சரிவுபோல் ஏறுகின்றன. பக்கத்தில் உட்கார வைத்தால் என்ன ஆகுமென்று அவள் அறிவாள். எதிரெதிரே உட்கார்ந்தால் என்ன ஆகுமென்று யோசிக்கவில்லை.

கதவுகள் மூடியதும் மௌனம் இறங்கியது. ஒருவர் புடவை மடிப்பைச் சரிசெய்வதுகூடக் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி மரத்தால் இழைத்த சுவர்கள். எதிர்ச் சரிவில் அக்கா இரு காதுகளையும் பொத்திக்கொண்டாள். எனக்குப் புரிந்தது. தறியை நிறுத்திவிடலாம், தறிக்காரியின் காதுக்குள் ஓடுவதை நிறுத்த முடியாது. வீட்டிலும் தெருவிலும் வேறு ஓசைகள் அதை மூடிவைத்திருக்கும். ஊரார் மெச்சிய அந்த மௌனம் அவள் காதின் இரைச்சலைத்தான் திறந்துவிட்டது. எழுந்துபோய் அவள் கையைப் பற்றிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

கொட்டகையில் பேச்சு காதுக்கு எட்டாது. உதட்டை அசைத்தும் கையைக் காட்டியும்தான் தறிக்குத் தறி பேசிக்கொள்வோம். அங்கே கண்தான் காது.

‘கூட்டிக்கினு போறேன்’ என்றது அக்காவின் உதடு.

‘முடியாது’ என்று கையால் காற்றை வெட்டிக் காட்டினேன்.

மகள் மேடையேறி அமர்ந்து வில்லை எடுத்தாள். மிருதங்கம் சேர்ந்துகொண்டது. நாங்கள் நிறுத்தவில்லை. அக்கா வயிற்றில் அடித்துக் காட்டினாள்: ‘உனுக்கு ஒண்ணு பொறந்திருந்தாத் தெரியும்.’ அது ஆழமாகவே இறங்கியது. நானும் சும்மா இருக்கவில்லை. ‘உனுக்குப் பொண்ணு வேணாம், தறிக்கு ஆளு வேணும்.’ பதிலுக்கு அவள் காட்டிய கைச்சாடையை எழுத முடியாது. காவலாளி குனிந்து வந்து, நான் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று எண்ணி, “ஏங் காவாலம்மா, நீள்ளா?” என்று தெலுங்கில் கிசுகிசுத்தார். தண்ணீர் வேண்டாமென்று தலையசைத்து அனுப்பினேன்.

மேடையில் இருந்தவளும் அதே கொட்டகையில் இந்தப் பேச்சைக் கற்றவள் என்பதை இருவருமே மறந்துபோனோம்.

அவள் நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வில் ஒரு கணமும் தயங்கவில்லை. கண்களை மூடிக்கொண்டாள்.

“கண்ண மூடிண்டு என்ன லயிப்பு, பாத்தேளா!” என்று உருகினார் பக்கத்து இருக்கை மாமி.

கொட்டகையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் கண்ணை மூடுவது, முகத்துக்கு நேரே கதவை அறைவது. சண்டையில்கூட நாங்கள் அதைச் செய்வதில்லை. அக்காவின் உதடு பாதிச் சொல்லில் நின்றது. என் கை மடியில் விழுந்தது. கடைசிவரை மகள் கண்ணைத் திறக்கவேயில்லை.

வெளியே, நீரோரப் படிகளில் இருவரும் காத்திருந்தோம். அவள் வயலின் பெட்டியோடு வந்தாள்.

“கெளம்பு, பஸ்ஸு போயிடும்” என்றாள் அக்கா.

“மொதல்ல நான் இன்னா வாசிச்சேன்னு சொல்லும்மா.” என் பக்கம் திரும்பினாள். “சின்னம்மா, நீங்க சொல்லுங்க. படிச்சவங்களாச்சே.”

எத்தனையோ கச்சேரிகள் கேட்டவள் நான். ஒரு ராகத்தின் பெயர்கூட வாயில் வரவில்லை.

“ஆளுக்கொரு பக்கம் புடிச்சி இழுக்க நான் இன்னா தறியில கட்டுன பாவு நூலா? சித்தூர்ல ஒரு ஸ்கூல்ல மியூசிக் டீச்சர் வேலை கெடச்சிருக்கு. ஆஸ்டல்ல ரூம் சொல்லிட்டேன். மிருதங்கக்காரர் குடும்பம் சித்தூர்தான், அவங்க வேன்லயே போறேன்.”

“யாரக் கேட்டுக்கினு?”

“யாரையும் கேக்கலம்மா.”

இருவர் காலையும் தொட்டுக் கும்பிட்டாள். தாயின் காதோரம் கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். என் கண்ணாடியை வாங்கித் தாவணி முனையில் துடைத்துத் தந்தாள். என் வீட்டில் தினமும் செய்ததுதான். பிறகு வேனில் ஏறினாள். நாங்கள் இருவருமே தடுக்கவில்லை.

வேன் திரும்பி மறைந்தபின் அக்கா முதலில் பேசினாள்.

“ஒன்னாலதான்.”

“ஒன்னாலதான்” என்றேன்.

“ஆஸ்டல் சோத்தத் துன்னாம எளச்சிப் பூடுவா. ஞாயித்துக்கெழம நான் ஆக்கி எடுத்துக்கினு போறேன்.”

“எனக்கும் அன்னிக்குத்தாங்கா லீவு. நானும் போவேன்.”

“நீ காலையில போயிட்டு வந்துடு. மத்தியானச் சோறு என்னுது.”

“மத்தியானம் நான்தான் போவேன்.”

அக்கா முந்தானையை உதறித் தோளில் போட்டாள். “மொதல்ல அவ கதவத் தெறக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, பலகையைப் பார்க்காமல், புல்லின் குறுக்கே பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.