ஊசியக்காவுக்கு ஒரு கியூ

ஸ்னூக்கர் கிளப்பில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊசியக்கா என்றால்தான் தெரியும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது அவள் வேலை. நரம்பு தென்படாத கிழவர்கள், ஊசியைப் பார்த்தாலே அலறும் பிள்ளைகள், "நான் மயங்கி விழுந்துடுவேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சொன்னபடியே விழும் தடிமாடுகள், எல்லாரையும் அவளிடம்தான் தள்ளிவிடுவார்கள்.

அவள் கணவர் தண்ணீர் மோட்டார் மெக்கானிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சினிமாவுக்குக் கிளம்பியபோது கிளப்பிலிருந்து போன் வந்தது. மோட்டார் படுத்துவிட்டதாம். டயர் கடைக்கு மேலே இருந்தது அந்தக் கிளப். அவர் மொட்டை மாடிக்குப் போய் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவள் கீழே பெஞ்சில் உட்கார்ந்து பச்சை மேஜையையும் பந்துகளையும் வேடிக்கை பார்த்தாள். கிளப் முதலாளி பேச்சுக்குத்தான் சொன்னார், "நீங்களும் ஒரு அடி அடிச்சுப் பாருங்கம்மா."

அடித்தாள். சிவப்புப் பந்து மேஜையின் அந்தக் கோடிக்கு ஓடிப்போய் குழிக்குள் விழுந்தது. குருட்டு அதிர்ஷ்டம் என்று எல்லாரும் சிரித்தார்கள். இன்னொன்றை அடித்தாள். அதுவும் விழுந்தது. அன்றைக்கு சினிமா போச்சு. அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை சாயங்காலங்களும் போச்சு.

ஒரே ஒரு சங்கடம். அவள் குள்ளம். பந்தடிக்கும் கோலுக்குக் கியூ என்று பெயர்; சுவரில் சாத்தியிருந்த கிளப் கியூவும் அவளும் கிட்டத்தட்ட ஒரே உயரம். பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்தால் கை எட்டாது. நடுவில் பிடித்தால் பின்பக்கம் நீட்டிக்கொண்டு யார் வயிற்றிலாவது இடிக்கும். பெரும்பாலும் அது அங்கே ஆட வரும் பேக்கரிக்காரரின் வயிறாகவே இருக்கும், ஏனென்றால் அங்கே அதுதான் பெரிது. தோளை விநோதமாகத் தூக்கி அடித்து அடித்து, வீட்டுக்கு வந்தால் தைலம் தேய்க்காமல் தூக்கம் வராது.

தைலம் தேய்த்துவிடுகிறவர் கணவர்தான். அதனால்தானோ என்னவோ, பேக்கரிக்காரர் சொன்னது அவர் மனதில் பசைபோல ஒட்டிக்கொண்டது. பேக்கரிக்காரரிடம் கருங்காலிக் கைப்பிடி போட்ட கியூ ஒன்று இருந்தது. அவர் அளவுக்கென்றே செய்தது. அதை யாரையும் தொடவிட மாட்டார்.

"தம்பி, கிளப் கியூவுல ஆடுறது அடுத்தவன் செருப்பை மாட்டிக்கிட்டு ஓட்டப்பந்தயத்துக்குப் போற மாதிரி. ஊசியக்காவுக்கு ஒண்ணு செஞ்சு குடு. அப்புறம் பாரு."

கிளப் முதலாளி காதில் இது விழுந்தது. "சும்மா கிளப்பிவிடாதீங்க. அடிக்கிறது யாரோட கியூன்னு பந்துக்குத் தெரியுமா?"

இரண்டும் சரியாகவே பட்டது ஊசியக்காவுக்கு. அதுதான் பிரச்சினை. "நல்ல ஃப்ரிட்ஜே வாங்கிடலாம் அந்தக் காசுக்கு. வேண்டாங்க" என்றாள். "ஃப்ரிட்ஜ்தான் வீட்டுல இருக்குல்ல" என்றார் கணவர்.

கியூ செய்பவரின் பட்டறை முழுக்க மரத்தூள். அவர் அவள் கையை அளந்தார், தோளை அளந்தார், குனியச் சொல்லி அளந்தார். தையற்கடைக்கு வந்துவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு கேள்விகள்.

"எடை எவ்வளவு வேணும்?"

"தெரியலைங்களே."

"பாரம் முன்னால நிக்கணுமா, பின்னாலயா?"

"எது நல்லது?"

"அது உங்க கைதான் சொல்லணும்மா. அடிக்கிறப்ப எப்படி இருக்கணும்னு ஆசைப்படுறீங்க?"

ஊசியக்கா யோசித்துப் பார்த்தாள். "பந்து உள்ள விழுந்தா நல்லா இருக்கும்" என்றாள்.

அவர் சிரிக்காமல் அதையும் கேட்டுக்கொண்டார்.

கியூ வந்தது. வெளிர் மரத் தண்டு, கருத்த கைப்பிடி, அதில் தீ நாக்குகள்போல வேலைப்பாடு. வீட்டில் கட்டிலுக்கு மேல் வைத்து இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முதல் சனிக்கிழமை அவள் ஆடிய ஆட்டத்தில் ஒரு பந்துகூட நேராகப் போகவில்லை. "புதுசு, பழகணும்" என்றார் பேக்கரிக்காரர். அடுத்த வாரம் பிரமாதமாக ஆடினாள். "பாத்தியா!" என்றார். அதற்கடுத்த வாரம் மறுபடி சொதப்பல். யாரும் பார்க்காதபோது சுவரிலிருந்த பழைய கியூவை எடுத்து அடித்துப் பார்த்தாள். அதிலும் அதே கதை, ஒருநாள் நன்றாக, ஒருநாள் மோசமாக. ஒன்று மட்டும் நிச்சயம். தோள்வலி போய்விட்டது. ஆனால் தோள்வலி போவதற்கா கியூ வாங்கினோம் என்று நினைத்தால் அதற்கும் விடை இல்லை.

இதற்கு நடுவே கணவர் வேறு. அவள் செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னிக்கு எப்படி?" என்பார். முகத்தைப் பார்த்தால் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவர்போல இருக்கும். "நல்லா இருந்துச்சுங்க" என்பாள். நிஜமாகவே நன்றாக இருந்த நாட்களில்கூடப் பொய் சொல்வதுபோல் இருந்தது.

கிளப் போட்டி வந்தது. அரையிறுதியில் அவளும் பேக்கரிக்காரரும். கணவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். புள்ளிகளில் ஊசியக்கா முன்னால்தான் இருந்தாள். அப்போது பேக்கரிக்காரர் ஓங்கி ஒரு அடி அடிக்க, அவர் கியூவின் நுனியில் ஒட்டியிருந்த தோல் பிய்ந்து எங்கேயோ பறந்தது. நாலு பேர் தரையில் தவழ்ந்து தேடினார்கள். கிடைத்தாலும் அன்றைக்கு ஒட்ட முடியாது. அவருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

"சுவத்துல இருக்குறத எடுத்து ஆடுங்க, இல்லன்னா விட்டுக்குடுங்க" என்றார் முதலாளி.

பேக்கரிக்காரர் அருவருப்போடு ஒன்றை எடுத்தார். ஊசியக்கா முன்பு ஆடிக்கொண்டிருந்த அதே கியூ. ஆடினார். சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு என்று நிறுத்தாமல் போட்டார். இத்தனை வருடத்தில் அவர் அப்படி ஆடி யாரும் பார்த்ததில்லை. ஊசியக்கா தன் அழகான கியூவைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்க வாய்ப்பே வரவில்லை.

ஜெயித்தவர் முகத்தில் ஈயாடவில்லை. "என்னம்மா இது? இந்த விறகுக் கட்டையில எப்படி ஆடினேன்?"

"என்னைக் கேட்டா?"

மறுவாரம் இறுதிப் போட்டி. புதுத் தோல் ஒட்டிய தன் கருங்காலிக் கியூவோடு வந்து, எல்லாரும் லேசாக எடைபோட்டிருந்த ஒரு பஸ் கண்டக்டரிடம் படுதோல்வி அடைந்தார். கண்டக்டர் ஆடியது கிளப் கியூவில். ஆக, கிளப் கியூதான் உசத்தி என்று சிலர் பேச ஆரம்பித்தார்கள். அடுத்த வாரமே அந்தக் கண்டக்டர், தனக்கு ஒரு கியூ செய்துகொள்ள எங்கே போகவேண்டும் என்று ஊசியக்காவிடம் விலாசம் கேட்டார்.

வீட்டில் கணவர் மெதுவாகக் கேட்டார். "அப்ப நான் செஞ்சு குடுத்தது வீணா?"

"தெரியலைங்க."

"ஆமான்னா ஆமான்னு சொல்லு."

"தெரியலைன்னா தெரியலைன்னுதானே சொல்ல முடியும்!" என்று கத்திவிட்டாள். அவர் ஸ்பேனர் பெட்டியைத் துடைக்கப் போய்விட்டார். அவளுக்கு மனது கேட்கவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் நேராகப் பட்டறைக்குப் போனாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. இதுல ஆடினா நிஜமாவே ஆட்டம் நல்லா வருமா?"

அவர் மரத்தூளை ஊதினார். "எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் ஸ்னூக்கர் ஆடினதே இல்ல. கழுத்து சுளுக்கிக்கும். கேரம்தான்." பிறகு, அவள் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "வலி இருக்கா இப்ப?" என்றார்.

"இல்ல."

"அப்ப நீளம் சரி. நீளம் மட்டும் என் பொறுப்பு."

"அந்தத் தீ நாக்கு வேலைப்பாடு?"

"அது பாக்க நல்லா இருக்கும்."

சனிக்கிழமை கணவரையும் கூட்டிக்கொண்டு கிளப்புக்குப் போனாள். "நீங்களே அடிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்று இரண்டு கியூவையும் கையில் கொடுத்தாள். அவர் முதலில் கிளப் கியூவால் அடித்தார். பந்து பக்கத்து மேஜைக்குப் போனது. "கியூ சரியில்ல" என்றார். அவளுடையதை வாங்கி அடித்தார். இந்த முறை பந்தே அசையவில்லை, துணியைத்தான் உரசியது. அவர் அந்த நுனியையும் பந்தையும் மாறி மாறிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, எனக்கும் ஒண்ணும் புரியல" என்றார்.

ஊசியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் பின்னால் போய் நின்று, முழங்கையைப் பிடித்துச் சற்று இறக்கிவிட்டாள். "இன்னொரு தடவை அடிங்க" என்றாள்.