அம்மா பிடுங்கிய செவ்வரத்தம்பூ: ஜனவரியில் ஒரு கண்ணாடித் தோட்டம்

இந்தப் பயணத்தில் நடந்த எல்லாவற்றையும் உண்மையாக எழுதப்போகிறேன். அழகாக வராத இடங்களையும் விடமாட்டேன். அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "எழுது, ஆனா என்ர பேர் போடாதை" என்றார்.

நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறோம். அப்பாவுக்குப் பிறம்ரனில் இரவு வேலை. பகலில் அவர் நித்திரை என்பதால் வீட்டுத் திரைகள் மூடியே இருக்கும். அவற்றைத் திறக்கிற நேரத்தில் வெளியிலும் இருட்டிவிடும். நவம்பரிலிருந்து அம்மாவின் பேச்சுக் குறைந்தது. சமைப்பார், சாப்பிடாமல் படுத்துவிடுவார். யார் கேட்டாலும் "சும்மா குளிர் அலுப்பு" என்பார். குளிர்கால மனச்சோர்வு பற்றி நூலகத்தில் இரண்டு புத்தகங்கள் படித்தேன். டொக்டரிடம் போவோம் என்று மூன்று முறை கெஞ்சினேன். மூன்று முறையும் "எனக்கென்ன வருத்தம்?" என்றார். சரி, வெளிச்சமுள்ள இடத்துக்காவது, நகரத்துக்குள் கண்ணாடிக் கூரை போட்ட பூந்தோட்டத்துக்குக் கூட்டிப் போவோம் என்று முடிவெடுத்தேன்.

ஜனவரியின் முதல் சனிக்கிழமை. காலை பத்துக்குப் புறப்படுவதாகத் திட்டம். ஆனால் அம்மா ஒரு சப்பாத்தைக் கையில் வைத்தபடி கட்டிலில் வெகுநேரம் இருந்தார். புறப்பட்டது 2:10க்கு. பஸ்ஸில் 25 நிமிடம், சப்வேயில் 35 நிமிடம், பிறகு பனியில் ஒன்றேகால் கிலோமீற்றர் நடை. பயணச்சீட்டு அம்மாவுக்கு 3 டொலர் 30 சதம், எனக்கு 2 டொலர் 35 சதம். தோட்டத்துக்குள் போக இலவசம். வெளியே மைனஸ் பதினொன்று. கதவைத் தாண்டியதும் என் மூக்குக்கண்ணாடி முழுக்கப் புகார் மூடி ஒன்றும் தெரியவில்லை.

துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், அம்மா ஒரு செவ்வரத்தைச் (செம்பருத்திச்) செடியருகே நிற்கிறார். கையில் பூ.

"அன்ரி! உதைப் பிடுங்கக்கூடாது!" காவலுக்கு நின்ற அண்ணை தமிழர்.

"ஐயோ தம்பி, கை தன்ர பாட்டில பிடுங்கிப்போட்டுது."

"இனி அதைத் திரும்ப ஒட்டேலாது," என்று சிரித்தார். "சாமிக்கோ? என்ர அம்மாவும் உப்பிடித்தான். இஞ்ச வந்தா அவவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டுதான் நடப்பன்."

அம்மாவும் சிரித்தார். பிறகு பூவைப் பார்த்தார். "எந்தச் சாமிக்கு? மூண்டு கிழமையா நான் விளக்கே கொளுத்தேல்லை. ஒண்டுக்கும் மனம் வருகுதில்லை, தம்பி."

எங்கள் ஒருவருக்கும் சொல்லாததை, பெயர் தெரியாத ஒருவரிடம் சொல்லிவிட்டார். அண்ணை செடிகளுக்கு நடுவே இருந்த ஒரு மர வாங்கைக் காட்டினார். அதில் உட்கார்ந்து அம்மா அழுதார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. படித்த இரண்டு புத்தகங்களிலும் அது இல்லை. அம்மாவின் கோட்டை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: காலையில் போங்கள், நாங்கள் போன நேரம் வெயில் சாய்ந்துவிட்டது. கோட்டுக்குள் மெல்லிய சட்டை போடுங்கள். பூக்களைத் தொடாதீர்கள். தோட்டம் மருந்தில்லை; அம்மா அடுத்த நாளும் பதினொரு மணிவரை எழும்பவில்லை. ஆனால் உங்கள் வீட்டிலும் யாராவது "அலுப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தால், அவர்களை வீட்டுக்கு வெளியே ஒரு வாங்கில் உட்கார வைத்து, கொஞ்சம் காத்திருந்து பாருங்கள்.

அன்று ஐந்து மணிக்குச் சற்று முன்னால், அந்த வாங்கில் இருந்தபடியே அம்மா கேட்டார், "டொக்டரிட்டப் போனா, நீயும் உள்ள வருவியோ?"

"ஓம் அம்மா."

"அப்ப திங்கக்கிழமை போன் எடு."

நாங்கள் எழும்பும்போது, மூடும் நேரமென்று தோட்டத்து விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.