காலியாக இருக்க வேண்டிய பெட்டி

பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு கலைக் கல்லூரியில் பதினான்கு வருடங்களாக கம்ப்யூட்டர் லேப் அட்டெண்டராக இருக்கிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. காலையில் பூட்டைத் திறந்து, ஏசியைப் போட்டு, முப்பத்தாறு சிஸ்டங்களையும் ஒவ்வொன்றாக ஆன் செய்வேன். மாலையில் ஒவ்வொன்றாக அணைப்பேன். நடுவில் யாரும் என்னிடம் பேசாமல் இருந்தால் நிம்மதி. நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் வாய் வறண்டுவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

கணிதத் துறைப் பிள்ளைகளுக்கு அந்த லேபில் ஒரு கணக்கு சாஃப்ட்வேர் கற்றுத்தருகிறார்கள். சூத்திரத்தை டைப் செய்தால் அது கோடாக, அலையாக, சில சமயம் மலையாகத் திரையில் வரும். எனக்கு அந்த ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் பின்னால் நின்று இத்தனை வருடம் பார்த்தவனுக்குச் சில விஷயங்கள் பிடிபட்டுவிடும். தப்பாக அடித்தால் சிவப்பு எழுத்து வரும். வலது ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. எந்த எழுத்துக்கு என்ன எண் கொடுத்தார்களோ அதெல்லாம் அந்தப் பெட்டியில் வரிசையாக நிற்கும். சாஃப்ட்வேரை மூடித் திறந்தால்தான் பெட்டி காலியாகும். மூடாமல் ஒருவர் எழுந்து போய்விட்டால், அடுத்து உட்காருகிறவர் ஓர் எழுத்துக்கு எண் கொடுக்க மறந்தாலும் சிவப்பு வராது. போனவருடைய எண்ணை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கணக்கை முடித்துவிடும்.

அதனால் பிராக்டிகல் தேர்வன்று, காலை பேட்ச் போய் மதிய பேட்ச் வருவதற்குள், எல்லா சிஸ்டத்திலும் அதை மூடித் திறந்து வைப்பது என் வேலை. எங்கும் எழுதி வைத்த விதி இல்லை. லேப் மேடம் ஒருமுறை சொன்னார், அதிலிருந்து செய்கிறேன்.

என் மகள் அதே கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தாள். முதன்முதலாக லேபுக்கு வருவதற்கு முந்தின நாள், திருவேற்காட்டில் எங்கள் வீட்டில் ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட்டபடி சொன்னாள்.

"அப்பா, லேப்ல என்னாண்ட பேசாதப்பா. பசங்க ஓட்டுவாங்க."

"இன்னான்னு ஓட்டுவாங்க?"

"உன்ன 'சுவிட்ச்'னுதான் கூப்புடறாங்க. அப்புறம் என்ன 'சின்ன சுவிட்ச்'னுவாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்து, "சரிம்மா" என்றேன்.

சொன்னபடி நடந்தேன். காலையில் ஒரே ஷேர் ஆட்டோவில் வருவோம். இறங்கியதும் அவள் முன்னால் போவாள். அவள் கேட்டைத் தாண்டும்வரை நான் மெட்ரோ தூண் ஓரம் நிற்பேன். லேபில் அவள் வரிசைக்குப் போகமாட்டேன். மேடத்துக்கும் ஆபீசுக்கும் தவிர மற்றவர்களுக்கு அவள் என் மகள் என்பது தெரியாது.

கடைசி வருடம், தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு, ஒரு பையன் லேபிலிருந்து கத்தினான். "யோவ் சுவிட்சு அண்ணாத்தே, ஏசி இன்னா ஊதவே மாட்டுது! நீயாவது வந்து ஊது!" எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது பழக்கம். திரும்பியபோது அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகுதான் அவளும் நிறுத்தினாள்.

அடுத்த மாதம் ஒரு கம்பெனி ஆள் எடுக்கக் கல்லூரிக்கு வருவதாக இருந்தது. "ஒரு அரியர்கூட இருக்கக் கூடாதுப்பா. இருந்தா உள்ளயே உட மாட்டாங்க" என்று வீட்டில் தினமும் அதே பேச்சு.

தேர்வன்று காலை பேட்ச் இழுத்துவிட்டது. பிரின்டரில் தாள் சிக்கியது. மதிய பேட்ச் கதவருகே வந்து நின்றுவிட்டது. நான் வரிசை வரிசையாக மூடித் திறந்துகொண்டே போனேன். கடைசி வரிசை மூலையில் ஒருவன் இன்னும் பிரின்ட் எடுத்துக்கொண்டிருந்தான். அவன் எழுந்த நேரத்தில் வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் வெள்ளைத் தாள் கேட்டார். தாள் கட்டை எடுத்துக்கொண்டு திரும்பினால் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த மூலை சிஸ்டத்தில் என் மகள்.

தாள் கொடுத்துக்கொண்டே அவள் பின்னால் போனேன். பெட்டி நிறைந்திருந்தது.

"மூடித் திறம்மா." அவ்வளவு சொல்லியிருந்தால் போதும். தாளை வைத்தேன். அவள் பக்கத்துப் பையனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தாளை இழுத்துக்கொண்டாள். பேசாதே என்றாய் அல்லவா, பேசவில்லை, போ. இதுதான் என் மனதில் ஓடியது. இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. கூச்சத்தால் பேசவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். கூச்சம் இல்லை அது. அவள் எல்லா எண்ணையும் சரியாகக் கொடுத்துவிட்டால் ஒன்றும் ஆகாது என்று ஒரு சமாதானத்தையும் சேர்த்துக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தேன்.

அவள் ஓர் எண்ணை மறந்தாள்.

தேர்வாளர் அவள் திரையருகே குனிந்தார். "என்னம்மா இது? உன் கொஸ்டின்ல அலையோட உயரம் ரெண்டு. இங்க ஏழு வரைக்கும் ஏறுது?"

"தெரியல சார். எரர் வரல சார். ரன் ஆச்சு."

"ஏழு, காலைல இதே சீட்டுல உட்கார்ந்தவனோட கொஸ்டின். அவன் ஃபைல எடுத்துப் போட்டியா?"

"இல்ல சார். நான்தான் டைப் பண்ணேன். சத்தியமா சார்."

"மாட்னா" என்று பக்கத்துப் பையன் முனகியது எனக்குக் கேட்டது.

மேடம் என் பக்கம் திரும்பினார். "அண்ணா, எல்லா சிஸ்டத்தையும் க்ளோஸ் பண்ணி ஓபன் பண்ணீங்கல்ல?"

லேபே என்னைப் பார்த்தது. அவளும் பார்த்தாள். மூன்று வருடத்தில் அந்த லேபில் அவள் என்னை நேராகப் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"பண்ணிட்டேன் மேடம்" என்றேன்.

அவள் யார் என்று மேடத்துக்குத் தெரியும். அதனாலேயே நான் பொய் சொல்வேன் என்று அவருக்குத் தோன்றவில்லை.

காப்பி அடித்ததாக எழுதினார்கள். அரியர். கம்பெனி வந்த அன்று நான்தான் அந்த லேபின் சிஸ்டங்களை ஆன் செய்து வைத்தேன். ஆன்லைன் தேர்வு அங்கேதான் நடந்தது. அவள் வீட்டில் இருந்தாள்.

பிராக்டிகல் தேர்வு முடிந்த அன்று மாலையே ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "அப்பா, நெஜமாவே மூடித் தொறந்தியா?"

"தொறந்தேம்மா."

"அப்ப நான்தான் இன்னாவோ பண்ணிட்டேன்" என்றாள். நம்பிவிட்டாள்.

அடுத்த வருடம் அந்தத் தேர்வை எழுதித் தேறினாள். இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கிடங்கு ஆபீசில் சரக்குப் பட்டியல் ஏற்றுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தோழியின் பழைய லேப்டாப்பை வாங்கி வந்து, அதே மாதிரி ஒரு கணக்கு சாஃப்ட்வேரில் பயிற்சி செய்கிறாள். வேறு வேலைக்குப் போக வேண்டுமாம். உட்கார்ந்ததும் அதைத் திறப்பாள், மூடுவாள், மறுபடி திறப்பாள். வலது ஓரத்தை உற்றுப் பார்ப்பாள். சில நாள் மூன்று முறை.

"இன்னாடி அத்தயே தொறந்து தொறந்து மூடினுகீற?" என்று அவள் அம்மா கேட்டாள்.

"காலியா கீதான்னு பாக்கறேம்மா. எனக்கு ஞாபகமறதி ஜாஸ்தி."

நான் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.