மாமாவின் படகைத் தள்ளியவர்கள்

எங்கள் குப்பத்துக்கு அப்போது இரண்டு தலைவர்கள். ஒருவர் என் நைனா. தாத்தாவுக்குப் பின் ஊர்த் தலைவர் பதவி அவரிடம் வந்தது. கோயில் வாசலில் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசுவார். இன்னொருவர் அம்மாவின் அண்ணன். மீனவர் சங்கத்துக்கு ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர்.

எண்ணூர் முகத்துவாரத்தில் கல் கொட்டிச் சுவர் எழுப்ப ஒரு கம்பெனி வந்தது. அம்மாவும் மற்றப் பெண்களும் முழங்கால் தண்ணீரில் இறங்கி, சேற்றில் புதைந்த மட்டிச் சிப்பிகளைப் பொறுக்குகிற இடம் அது. ஜீப்பில் வந்த அதிகாரிகள் நைனாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரசாங்கத்துக்குத் தெரிந்த தலைவர் மாமா ஒருவர்தானாம். அவர் வீட்டில் டீ குடித்துவிட்டு, ஊரே சம்மதித்துவிட்டது என்று அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த ஜீப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று மாலையே பஞ்சாயத்து கூடியது. எங்கள் வழக்கப்படி ஊர் என்றால் ஊர் வரி கட்டுகிற கல்யாணமான ஆண்கள். பெண்கள் தெருமுனையில் நின்று காதைத் தீட்டிக்கொள்ளலாம், வாய் திறக்கக் கூடாது. நானும் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பசங்களுக்கு வேலை தரேன்னு சொல்லிக்கீறாங்க மச்சான். வலையவே நம்பிக்கினு எத்தினி நாளைக்கு ஓட்றது?" என்றார் மாமா.

"ஊரைக் கேட்டியா நீ?" என்று கத்தினார் நைனா.

மாமாவுக்கு ஊர்க் கட்டுப்பாடு விழுந்தது. வரிக்காரர் யாரும் அவரோடு பேசக் கூடாது, அவர் படகில் கை வைக்கக் கூடாது. ஃபைபர் படகை மணலில் இழுத்துக் கடலில் இறக்க ஒரு கும்பலே தோள் கொடுக்க வேண்டும். படகு கரையிலேயே கிடந்தது. தப்பு செய்தவர் மாமா. பட்டினி கிடந்ததோ அவர் பிள்ளைகள். என் வகுப்பில் படித்த மாமா மகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வந்தாள். யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. எனக்கு நைனா மேல் வந்த ஆத்திரத்தில் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். அவர் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை.

ஒரு நாள் விடிந்ததும் அம்மா மீன் கூடையோடு கரைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். பெண் கை பட்ட படகுக்கு மீன் விழாது என்பார்கள் எங்கள் பக்கம். அவள் கூடையைக் கீழே வைத்தாள், புடவையை இழுத்துச் செருகினாள், மாமாவின் படகில் தோளைக் கொடுத்தாள். மாமி ஓடி வந்தாள். ஏலத்துக்குக் காத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கூடையை இறக்கினார்கள்.

நைனா பதறிப்போய் ஓடி வந்தார். "இன்னா பண்ற நீ? ஊர்க் கட்டுப்பாடு கீது, தெரியாதா?"

"எந்த ஊரு? கல்லு கொட்ட சரின்னு சொன்னப்போ அந்த ஆளு எங்கள கேக்கல. கூடாதுன்னு சொன்னப்போ நீயும் கேக்கலய்யா. உங்க வரில நாங்க இல்ல. கட்டுப்பாடு மட்டும் எங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

படகு தண்ணீரில் இறங்கியது. மாமா கண் கலங்கி, "தங்கச்சி..." என்று கிட்டே வந்தார்.

"புள்ளைங்க துன்றதுக்குத்தான் தள்னேன். என் மூஞ்சில முழிக்காத," என்று சொல்லிவிட்டு அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

அந்தப் பேச்சு எனக்கு விளங்கவில்லை. அம்மா மாமா கட்சி, நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று குதித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன்.

சுவர் எழும்பிவிட்டது. பெண்கள் இறங்கிய முகத்துவாரம் தூர்ந்து வெறும் சேறானது. அடுத்த வருஷத் திருவிழாவுக்குள் மாமாவும் நைனாவும் ராசியாகி, எங்கள் வீட்டில் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஊர் நியாயம் பேசிச் சிரித்தார்கள். அம்மா இருவர் முகத்தையும் பார்க்காமல் சோறு போட்டாள். இன்னும் என்ன கோபம் இவளுக்கு என்று எனக்கு எரிச்சல். எனக்கும் மாமா மகளுக்கும் உயிரான பதார்த்தம் அன்று இலையில் இல்லை. எல்லோர் எதிரிலும் நான் சிணுங்கினேன்: "இன்னாம்மா, மட்டி வறுக்கலியா?"