கடல் தண்ணீருக்கு ஒரு நெல்

திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை என்றால், தும்மல் வந்ததும் வெளியே ஓடித் தும்மிவிட்டு, கை கழுவி, கோட்டு மாற்றி, எதற்காக உள்ளே வந்தோம் என்பதை மறந்து நிற்பது. பாட்டிலுக்குள் பயிர் வளர்க்கும் சகோதரிகளே, கூடவே கைக்குழந்தையும் உண்டு என்றால் உங்களுக்கு என் இரட்டை அனுதாபம். வீட்டில் மகளின் பால் புட்டியை வேகவைத்துவிட்டு, தஞ்சாவூர் பஸ்ஸைப் பிடித்து, இங்கே வந்து மறுபடி பாட்டில் வேகவைக்கிறேன். அவள் தூங்குகிற நேரமாகப் பார்த்து இதை எழுதுகிறேன். இருமினாள் என்றால் பாதியில் போட்டுவிட்டு ஓடிவிடுவேன்.

இதுவா நெல்லு?

நெல்மணியின் கருவை ஜெல்லி மாதிரியான உணவில் வைத்தால், செல்கள் பெருகி மஞ்சள் உருண்டையாகத் திரளும். அந்த உணவில் உப்பைக் கூட்டிக்கொண்டே போவோம். பெரும்பாலானவை கருகிச் சாகும். சாகாத ஒன்றிரண்டைப் பொறுக்கிச் செடியாக்கி, அதன் விதை உப்பு வயலில் நிற்கிறதா என்று பார்ப்போம். கடல் மேலே ஏறி வருகிறது, ஆற்றுத் தண்ணீர் கீழே வந்து சேருவதில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட நெல்லுக்காகத்தான் இந்தப் பாடு.

அப்படி மாட்டிக்கொண்டவர்தான் சூசை ஐயா. கடலோரக் கடைமடையில் நிலம். வாய்க்கால் வழியே உப்புத் தண்ணீர் ஏறிச் சம்பா போய்விட்டது. இறால் பண்ணைக்காரர்கள் நிலத்தைக் கேட்டு நடையாய் நடக்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகனும் கொடுத்துவிடுங்கள் என்கிறான். குளம் வெட்டினால் அது மறுபடி வயலாகாது. எங்கள் நெல் உப்பைத் தாங்கினால் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அந்த நெல்லைப் பார்க்க நேரில் வந்துவிட்டார். வரிசையாகக் கருகிய உருண்டைகள். ஒரே ஒரு பாட்டிலில் மட்டும் உளுத்தம்பருப்பு அளவில் மஞ்சளாக ஒன்று உயிரோடு இருந்தது. பெருமையாகக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத நம்பியாம்மா நான் இறால்காரனைக் காக்க வச்சிருக்கேன்?"

பாட்டிலுக்குப் பொட்டு

திறந்த பாட்டிலுக்கு மேல் பேசவே கூடாது, வாய்க்காற்றோடு கிருமி உள்ளே விழுந்துவிடும். பேசாமல் இருக்க எனக்குக் கான்வென்டில் பத்து விரலிலும் ஸ்கேலால் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். படித்த படிப்பில் இந்த வேலைக்கு உருப்படியாக உதவுவது அது ஒன்றுதான்.

ஆயுத பூஜைக்குக் கூடத்தை நடத்தும் மேடமும் நானும் லீவு. கூடத்தைச் சுத்தம் செய்யும் வேதவல்லி அக்காவிடம் சாவி இருந்தது. காற்றை வடிகட்டும் பெட்டிக்குக் கதம்ப மாலை, நுண்ணோக்கிக்குச் சந்தனம், அறை நிறையச் சாம்பிராணி. ஒவ்வொரு பாட்டிலாக மூடியைக் கழற்றி, பளபளவென்று துடைத்து, பொட்டு வைத்து மூடியிருக்கிறார். வாசலில் பூசணிக்காய் வேறு. ஒரே வாரத்தில் கூடமே பூத்துவிட்டது: வெள்ளை, பச்சை, கறுப்பு என்று எல்லா நிறத்திலும் பூசணம். நான் மட்டும் என்ன ஒழுங்கு? அலமாரியில் நான் ஒட்டிய மாதா படத்தின் பின்னாலிருந்துதான் போன மாதம் பூசணம் கிளம்பியிருந்தது. அந்த ஒரே உருண்டை இருந்த உப்பு பாட்டிலைத் தேடி ஓடினேன். மேல்தட்டில் அது மட்டும் சுத்தமாக, மஞ்சளாக, எதுவும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன், இரண்டும்தான். வேதவல்லி அக்கா பதறிப்போய், "மேல்தட்டு எட்டல பிலோ, அதுக்கு மட்டும் பொட்டு வைக்காம விட்டுட்டேன், கோவிச்சுக்காதே!" என்றார்.

மஸ்கட் போன்

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்குப் போன் செய்வார். அந்த உருண்டையில் பச்சைப் புள்ளி தெரிந்து, ஊசி முனை மாதிரி ஓர் இலை எழும்பிய வாரம் அது. ரிசீவரை வாங்கியதும் ஆரம்பித்தேன். எந்தப் பக்கம் பச்சை, எவ்வளவு பச்சை, மேடம் என்ன சொன்னார், வேர் எப்போது விடும், விடாவிட்டால் என்ன கதி என்று மூச்சுவிடாமல் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரம்மா துவைத்த துணியை மடித்து முடித்து, அலமாரியில் அடுக்கியும் விட்டார். மகளுக்குப் பல் முளைத்ததைச் சொல்ல மறந்தே போனேன். வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ரொம்ப சந்தோஷம். நம்ம பொண்ணும் பச்சையாத்தான் இருக்காளா?"

குல்லா

பாட்டிலில் வளர்ந்த செடிக்கு வெளிக்காற்று தெரியாது. தொட்டியில் நட்டு, பாலிதீன் பையால் மூடி, தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் பையைத் திறந்து பழக்க வேண்டும். நான் திறக்கவே இல்லை. திறந்தால் வாடிவிடும், வாடினால் சூசை ஐயாவின் நிலம் போய்விடும் என்று பயம். மேடம் கேட்டபோதெல்லாம் நாளைக்கு என்றேன். ஒருநாள் அம்மா ஊருக்குப் போயிருந்ததால் மகளையும் கூடத்துக்குத் தூக்கி வந்தேன். சித்திரை வெயில். அவள் தலையில் கம்பளிக் குல்லா, காலில் சாக்ஸ். மேடம் அவளைப் பார்த்தார், வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்த பையைப் பார்த்தார். நேராகப் போய்ப் பையைக் கிழித்தே போட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். "செடியை நான் பார்த்துக்கறேன், நீ முதல்ல அந்தக் குழந்தையோட குல்லாவைக் கழட்டு!" என்றார்.

மோசமான மூலை

செடி கதிரானது, கதிர் விதையானது, விதை நாற்றானது. சூசை ஐயா தன் வயலிலேயே மோசமான மூலையைக் கொடுத்தார். ஐப்பசி மழையோடு கடலும் சேர்ந்து ஏறியது. தண்ணீர் வடிந்ததும் மேடமும் நானும் போனோம். மகள் என் இடுப்பில். சுற்றிலும் பயிர் நுனி கருகிக் கிடந்தது. எங்கள் மூலையும் மஞ்சளாகப் படுத்திருந்தது. நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தேன். மேடம் சேற்றில் இறங்கி, குனிந்து, ஒரு பயிரின் வாடிய இலைகளை விலக்கிக் காட்டினார். நடுவிலிருந்து புது இலை, பச்சையாக!

எல்லாம் பிழைக்கவில்லை. அங்கங்கே வழுக்கை. ஆனால் பாதிக்கு மேல் எழுந்தது, தையில் கதிரும் வந்தது. ஒரு மூலை நின்றால் டெல்டாவே பிழைத்தது என்று அர்த்தமில்லை, அது எனக்கும் தெரியும். இருந்தாலும் வரப்பில் நின்று மகளைத் தூக்கிப் போட்டுப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து இறால் பண்ணை ஆள் அளவு டேப்போடு வந்து, "அளந்துடலாமா ஐயா?" என்றார். சூசை ஐயா கதிரைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிராமலே சொன்னார்: "டேப்பைச் சுருட்டுங்க தம்பி. பயிரை மிதிக்காம, வரப்பு மேலயே நடந்து போங்க."

செல்லுக்குக் கவலைப்படத் தெரியாது. அதற்கென்று தனியாக ஓர் ஆள் போட்டிருக்கிறார்கள், அந்த உத்தியோகத்தில்தான் நான் இருக்கிறேன்.