குதிரை உசரத்துக்கு வைத்த சுமைதாங்கி

குமாரசாமி முதலாளி போய்விட்டார்.

காலையில் மண்டியைத் திறக்கும்போதே தர்ம கமிட்டி பியூன் மூச்சிரைக்க வந்து சொன்னார். "அண்ணே, நம்ம பிரசிடெண்டு போயிட்டாரு. வெரசா ஒரு நோட்டீசு எழுதிக் குடுப்பீகளாம். தர்மப்பிரபுன்னு மறக்காமப் போடணுமாம்."

உயிர் போய் ஒரு நாழிகை ஆகவில்லை. அதற்குள் நோட்டீஸ்...

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் போடியில் ஏலக்காய் மண்டியில் எழுத்து வேலை. பல வருஷம் அந்தக் கமிட்டிக்குச் சம்பளமில்லாத செக்ரட்டரியாகவும் இருந்தேன். இந்த ஊரில் அவரைப் புகழ்ந்து வந்த நோட்டீஸ் எல்லாம் என் கைப்பாவம்தான்.

முன்னெல்லாம் இங்கே தர்மம் செய்கிறவர் யாரென்றே தெரியாது. பந்தல் இருக்கும், பானையில் மோர் இருக்கும், குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். இவர் தலையெடுத்த பிறகுதான் லிஸ்ட், மாலை, மதுரையிலிருந்து போட்டோக்காரர், பேப்பரில் பேர்...

ஒரு சித்திரை மாதம் மலையடிவாரத்து முந்தலில் மோர்ப் பந்தல் போட்டார். மலையிறங்கி வந்த சுமைக்காரர்கள் நாக்கு வறண்டு நிற்கிறார்கள். வெள்ளைக்காரத் துரை வந்து திறந்து வைக்காமல் ஒரு சொட்டு கிடையாது என்று சொல்லிவிட்டார்.

துரை வந்தது உச்சி வெயிலில். முதல் செம்பு அவருக்கு. ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினார். அதற்கும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன், வெட்கங்கெட்டு.

ஜெர்மன் சண்டை நிதி வசூலையும் சொல்ல வேண்டும். சிலமலை, ராசிங்காபுரம் என்று வீடு வீடாக ஏறி இறங்கினோம். விதைக்கு வைத்திருந்த கேழ்வரகைக்கூட விடவில்லை. ராவ் பகதூர் பட்டம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று முதலாளி அங்கவஸ்திரத்தை மடித்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். வரவேயில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான்.

இதையெல்லாம்கூட மன்னித்திருப்பேன். பேச்சி விஷயத்தை மன்னிக்க மாட்டேன்.

பேச்சி என் தங்கை. எட்டு மாதக் கர்ப்பத்தோடு விஷக்காய்ச்சலில் போனாள். வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவளுக்குச் சுமைதாங்கிக் கல் வைப்பது நம் வழக்கம். வழியில் போகிறவன் தன் சுமையை அதில் இறக்கி வைத்து மூச்சு விட்டால் அவளுக்கும் சுமை இறங்கும் என்பார்கள்.

அவள் புருஷன் வீரணன் மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை இறக்குகிறவர். அவரும் கூட்டாளிகளும் லோடு இல்லாத நாட்களில் தாங்களே பாறை உடைத்து, மலைப்பாதை இரண்டாம் வளைவில் இரண்டு கால்களை நட்டார்கள். கழுத்து மட்டத்துக்கு. தலைச்சுமையை ஆள் துணையில்லாமல் சாய்த்து இறக்க அதுதான் அளவு. மேலே வைக்கிற குறுக்குக் கல் ஒன்றுதான் பாக்கி.

நான் சும்மா இருந்திருக்கலாம். பெரிய மனுஷர் ஆயிற்றே என்று முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"அட, மொதல்லயே சொல்லக்கூடாதாப்பா? எல்லாத்தையும் கமிட்டி பாத்துக்கிரும். ஒந் தங்கச்சி எனக்கும் தங்கச்சிதான்" என்றார். நான் அழுதேவிட்டேன்.

திறப்பு விழாவுக்குப் போய்ப் பார்த்தால் வீரணன் நட்ட கால்களைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். புதுக் கால், புதுக் கல். கையைத் தூக்கினால்தான் எட்டும். குறுக்குக் கல் முழுக்கக் குமாரசாமி, அவர் அப்பா, அவர் தாத்தா. பேச்சி பேர் எங்கேயும் இல்லை.

முதலாளியிடமே கேட்டேன். "துரை குதிரையில வர்றாருப்பா. குதிரை மேல இருந்து பாத்தா எழுத்து கண்ணுக்கு நேரா நிக்கணும்ல. ஒந் தங்கச்சி பேரை வெட்டுனா அவருக்கு யாருன்னு தெரியுமா?"

அப்புறம் போட்டோ. வீரணனை மூட்டையோடு கூப்பிட்டு இறக்கி வைக்கச் சொன்னார்கள். எக்கிப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு பேர் மூட்டையை வாங்கித் தூக்கி மேலே வைத்தார்கள். போட்டோ எடுத்தாயிற்று. மூட்டையை இறக்கி மறுபடியும் அவர் தலையிலேயே ஏற்றி அனுப்பினார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் வீரணன் ஒன்றே ஒன்று கேட்டார். "இந்த ஆளுகிட்ட ஏன் மச்சான் போனீக?"

மறுநாள் கமிட்டியை விட்டேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. கல்லைத் தொடப் போனபோதெல்லாம் முதலாளி தலையாரியை விட்டு விரட்டினார். ஆறு வருஷமாகச் சுமைக்காரர்கள் அந்தக் கல்லைத் தாண்டி, சுமையோடு, நிற்காமல் போகிறார்கள். ஒருவர்கூட இறக்கி வைத்ததில்லை. என் தங்கை இன்னும் சுமந்துகொண்டுதான் இருக்கிறாள்.

இன்றைக்கு வந்த பியூன் இன்னொன்றும் சொன்னார். முதலாளிக்கு நினைவு மண்டபம் கட்டப் போகிறார்களாம், வசூல் லிஸ்டில் முதல் பேர் என்னுடையதாம். நாளைக்குப் பாடை தூக்க வீரணனும் கூட்டாளிகளும் தொண்டாக வர வேண்டுமாம். பாரம் தூக்கிப் பழகியவர்களாம்.

வீரணனிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து கடப்பாரையைத் தேடி எடுத்தார்.

"நாளைக்கு எல்லாரும் அங்கிட்டுத்தான இருப்பாக மச்சான்? நாம போயி கல்லுக்காலை ஒரு மொழம் ஆழமா எறக்கி நட்டுருவோம். உளிய நீங்க கொண்டாங்க. அவ பேரை நீங்களே வெட்டுங்க."

நோட்டீஸ் எழுதவில்லை.

போய் வாருங்கள் முதலாளி. தூக்குவதற்குக் கமிட்டி ஆட்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு நாளைக்கு மலையில் சோலி இருக்கிறது.